அழுகிற ரோபோ வேண்டுமா? ப்ளூட்டோ, டிசெண்டர், விஷன்: எதை முதலில் வாங்கலாம்

‘அண்ணே, ரோபோ காமிக்ஸ்ல மனசைப் பிசையுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுதான் வாங்க முடியும்’ என்று பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஓர் அக்காவுக்கு, பதிமூன்று வயது மகனுக்குக் கொடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும். ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் நண்பருக்குக் காசுக் கவலை: ‘எட்டுப் பாகத்துக்குப் பணம் கட்டிட்டு நடுவுல விட்டுட்டா என்ன பண்றது? ரெண்டே பாகத்துல முடியுறது ஒண்ணு இருக்காமே?’ கேட்பது ஒரே கேள்விதான். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

சேலத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் காமிக்ஸ் வாங்கி ஒருவர் மாற்றி ஒருவர் படிக்கிறோம். சாயங்காலம் தட்டுவடை செட் கடை வாசலில் நின்றபடி அதைப் பற்றிச் சண்டையும் போடுவோம். (புத்தகம் பைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பீட்ரூட்டும் சட்னியும் பட்ட பக்கத்தை எதுவும் காப்பாற்றாது.) ப்ளூட்டோ, டிசெண்டர், விஷன் மூன்றும் அப்படிக் கைமாறிச் சுற்றியவை. மூன்றிலும் ரோபோக்கள் துக்கப்படுகின்றன, மூன்றிலும் மனிதர்கள் அவற்றை வெறுக்கிறார்கள், மூன்றிலும் சந்தோஷமான முடிவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பாதி மனிதன் பாதி எந்திரம் என்கிற ரகக் கதைகளை இங்கே சேர்க்கவில்லை. அது வேறு பஞ்சாயத்து.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு ரோபோ என்றால் ஆர்ச்சி. லயன் காமிக்ஸில் வந்த சட்டித்தலையன். தற்பெருமையும் அடிதடியும் கலாட்டாவுமாகத் திரிவானே தவிர, அழமாட்டான். அவன் பிறந்தது 1952 பிப்ரவரியில், பிரிட்டனின் ‘லயன்’ வார இதழின் முதல் இதழில். அதே ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் ஒசாமு தெசுகா வரைந்த ஆட்டம் என்கிற ரோபோ சிறுவனின் தொடர் ஆரம்பித்தது. அவன் கதை வேறு மாதிரி. விபத்தில் இறந்துபோன மகனுக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானி அவனைச் செய்கிறார். பையன் வளரவில்லை என்றதும் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். இன்றைக்கு வரும் இருண்ட ரோபோ காமிக்ஸ்களெல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஆட்டம் வீட்டுப் பிள்ளைகள். ஆர்ச்சியை நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, இருட்டு எங்கிருந்து வருகிறது என்பது. எவ்வளவு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ரோபோ குழந்தையைச் சாகடித்து வாசகரை அழவைப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. அந்த ரோபோவை வெறுக்கிற மனிதனுக்கும் கதையில் ஒரு நியாயம் இருக்கிறதா, அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். எங்கள் சண்டைகளில் பாதி இதைச் சுற்றித்தான் வந்தது.

இரண்டாவது, கதை முடிகிற வரைக்கும் ஆகிற மொத்தச் செலவு. முதல் பாகத்தின் விலையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, ஆங்கிலமும் முன்கதையும். எங்களிடம் சுற்றியவை மூன்றும் ஆங்கிலப் பதிப்புகளே. வசனம் எவ்வளவு, முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு செலவுதான்.

அப்புறம், யார் படிக்கப் போகிறார்கள் என்பது. பதிமூன்று வயதுப் பையனா, பிள்ளை பெற்றவரா? இது பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். விஷன் விஷயத்தில் இதுதான் எல்லாமே.

| | ப்ளூட்டோ | டிசெண்டர் | விஷன் |
|---|---|---|---|
| படைத்தவர்கள் | நவோகி உராசாவா, தகாஷி நாகாசாகியுடன் | ஜெஃப் லெமீர் (கதை), டஸ்டின் நுயென் (ஓவியம்) | டாம் கிங் (கதை), கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா (ஓவியம்) |
| வெளிவந்த ஆண்டுகள் | 2003–2009 | 2015–2018 | 2015–2016 |
| முழுக் கதை | 8 பாகம் | 32 இதழ், 6 பாகம் | 12 இதழ், 2 பாகம் |
| ஓவியம் | கறுப்பு வெள்ளை | நீர்வண்ணம் | முழு வண்ணம் |
| இருட்டு வரும் இடம் | போர் விட்டுப்போன வெறுப்பு | ஒரே நாள் தாக்குதலுக்குப் பின் ரோபோ வேட்டை | வீட்டுக்குள் சொன்ன ஒரு பொய் |
| முன்கதை | தேவையில்லை | தேவையில்லை | கொஞ்சம் தெரிந்தால் நல்லது |
| என் கணக்கில் வயது | 14க்கு மேல் | 13க்கு மேல் | 16க்கு மேல் |
| பிறகு தெரியவரும் செலவு | நடுப் பாகம் கிடைக்காமல் நிற்பது | தொடர்ச்சிக் கதைக்கு இன்னும் 4 பாகம் | பாதிப் பெயர்களைத் தேடிப் பார்ப்பது |

## ப்ளூட்டோ

தெசுகா 1964-65இல் ஆட்டம் தொடரில் எழுதிய ‘பூமியிலேயே மிகப் பெரிய ரோபோ’ என்கிற ஒரு கதையை எடுத்து, ஜப்பானிய ஓவியர் உராசாவா பெரியவர்களுக்கான துப்பறியும் கதையாக மாற்றியதுதான் ப்ளூட்டோ. தெசுகாவின் மகன் மகோட்டோ தெசுகாவின் மேற்பார்வையில் வந்தது. உலகின் மிகப் பலம் வாய்ந்த ஏழு ரோபோக்களை யாரோ ஒவ்வொன்றாக அழித்துவருகிறார்கள். ரோபோ உரிமைக்காக நின்ற மனிதர்களும் சாகிறார்கள். விசாரிக்க வருபவன் யூரோபோல் என்கிற ஐரோப்பியப் போலீஸின் துப்பறிவாளன் கெசிக்ட். அவனும் ரோபோ, அந்த ஏழு பேரில் ஒருவனும்கூட.

மூலக் கதையில் ஆட்டம்தான் நாயகன். இங்கே முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் வரை அவன் வருவதே இல்லை. சண்டைக் காட்சிகளும் பெரும்பாலும் நம் கண்ணுக்கு முன் நடப்பதில்லை. நடந்து முடிந்தபின் கிடக்கும் துண்டுகளைத்தான் பார்க்கிறோம். இதனால் எரிச்சலடைந்தவர்கள் எங்களில் இரண்டு பேர். ‘ஃபைட்டே இல்லாம என்ன ரோபோ கதை?’ என்று முதல் பாகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த முதல் பாகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ரோந்துப் பணியில் இருந்த ஒரு போலீஸ் ரோபோ அழிக்கப்படுகிறது. கெசிக்ட் அதன் மனைவியிடம் சேதி சொல்லப் போகிறான். அவளும் ரோபோ, பழைய மாடல், பணிப்பெண் வேலைக்குச் செய்தது. முகம் ஒரு தகரத் தகடு. கண் இருக்கிறது, அசையாது. சேதியைக் கேட்டதும் அந்த முகத்தில் எதுவும் மாறவில்லை. மாற வழியில்லை. உராசாவா அதே முகத்தை அடுத்த கட்டத்திலும், அதற்கடுத்த கட்டத்திலும் வரைகிறார். கணவனின் நினைவுகளை அழித்துவிடட்டுமா என்று கெசிக்ட் கேட்கிறான். வேண்டாம், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறாள். ஒரு கோடுகூட மாறாத முகத்தைப் பார்த்து நாம் தொண்டை அடைத்து உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஒரு காட்சிக்காகவே முதல் பாகத்தை வாங்கலாம் என்பேன்.

அதே பாகத்தில் ஸ்காட்லாந்துக் கோட்டையில் தனியாக வாழும் பார்வையற்ற இசையமைப்பாளரிடம் வேலைக்கு வரும் நார்த் நம்பர் 2 என்கிற ரோபோவின் கதையும் இருக்கிறது. போரில் கொன்று குவித்த எந்திரம், உடம்பை அங்கியால் மூடிக்கொண்டு வந்து பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறது. மெஷினுக்குச் சங்கீதம் வராது என்று கிழவர் விரட்டுகிறார். மீதியைச் சொல்ல மாட்டேன்.

போர் என்று சொன்னேன். கதையில் அதற்கு 39ஆவது மத்திய ஆசியப் போர் என்று பெயர். பாரசீக நாடு பேரழிவு ரோபோக்களைத் தயாரிக்கிறது என்று ஒரு வல்லரசு குற்றம் சாட்டுகிறது. சோதனைக் குழு போகிறது, தேடிப்போனது கிடைக்கவில்லை, ஆனாலும் போர் நடக்கிறது. தொடர் ஆரம்பித்தது 2003 செப்டம்பரில். ஈராக் போர் அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. எதைப் பற்றிப் பேசுகிறது என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் சொன்ன அளவுகோலுக்கு வருவோம். எங்களில் அம்மாப்பேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். தாத்தா கைத்தறி நெய்தவர், அப்பா விசைத்தறிக் கூலிக்குப் போனவர். எட்டுப் பாகத்தையும் படித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: ‘மெஷின் அழுவுதுன்னு இவ்வளவு பக்கம் எழுதுறான். மெஷின் வந்து பொழப்பு போனவன் அழுததுக்கு எத்தனை பக்கம்?’ யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ப்ளூட்டோவில் ரோபோக்களை வெறுக்கும் ஒரு ரகசியக் கூட்டம் இருக்கிறது. அதில் அடால்ஃப் ஹாஸ் என்பவன், உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவன். அவனுக்கு உராசாவா மரியாதையாகவே இடம் கொடுத்திருக்கிறார். வில்லனாக நுழைந்து, பாவப்பட்ட ஆளாக ஆகிறான். ஆனால் அவன் சேர்ந்திருக்கும் கூட்டம் கடைசிவரை முகமூடி போட்ட கூட்டமாகவே இருந்துவிடுகிறது. அம்மாப்பேட்டைக்காரர் சொன்னது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ரோபோவின் துக்கத்துக்கு இந்த மூன்றில் ப்ளூட்டோவை மிஞ்ச எதுவும் இல்லை. மனிதனின் கோபத்துக்கு அது முழு நியாயம் செய்யவில்லை.

இன்னொரு குறை, கடைசி இரண்டு பாகம். அதுவரைக்கும் மெதுவாக நூல் நூற்ற கதை, உலகம் அழியப்போகிறது என்று திடீரென்று ஓட ஆரம்பிக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. ஒப்பியவர்கள்தான் எங்களில் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலம் எளிது. வசனங்கள் சின்னச் சின்னது. ஜப்பானிய காமிக்ஸ் என்பதால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். ஒரு பாகம் ஏறக்குறைய 200 பக்கம், ஒரே மூச்சில் முடியும். காசுக்குக் கிடைக்கிற பக்கம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் லாபம்.

பிரச்சினை நடுப் பாகங்கள். ஒன்றும் இரண்டும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஐந்தோ ஆறோ ‘ஸ்டாக் இல்லை’ என்று நிற்கும், அல்லது யாரோ ஒரு விற்பனையாளர் இரண்டு மடங்கு விலை போட்டிருப்பார். துப்பறியும் கதையில் நடுவில் ஒன்று இல்லாவிட்டால் தாண்டிப் படிக்க முடியாது.

## டிசெண்டர்

இதை விரும்பியவர்கள் ஓவியத்தைக் காட்டித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். டஸ்டின் நுயென் விண்வெளியையும் கப்பல்களையும் நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். 2016இல் இதற்காக அவருக்குக் காமிக்ஸுக்கென்று கொடுக்கும் ஐஸ்னர் விருதும் கிடைத்தது. வெள்ளைத்தாளை அப்படியே நிறைய விட்டிருக்கிறார். ஒரு குட்டி ரோபோ சிறுவன் பக்கத்தின் மூலையில் நிற்க, மீதியெல்லாம் வெளிறிய வெறுமை. மழைக்காலத்தில் ஏற்காட்டு ஏரிக்கரையில் மூடுபனி இறங்கும்போது எதிர்க்கரை காணாமல் போகுமே, அந்த நிறம்.

கதை இதுதான். கோள்களின் வானத்தில் ஒரு நாள் திடீரென்று ராட்சத ரோபோக்கள் வந்து நின்று, மக்களைக் கொன்று குவித்துவிட்டு மறைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு மனிதர்கள் கண்ணில் பட்ட ரோபோக்களையெல்லாம் வேட்டையாடுகிறார்கள். பத்து வருடம் கழித்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சுரங்க நிலவில் டிம்-21 என்கிற சிறுவன் ரோபோ கண் விழிக்கிறான். குழந்தைகளுக்குத் துணையாக இருக்கச் செய்யப்பட்டவன். அவன் வளர்ந்த வீட்டில் எல்லோரும் பிணம். தம்பியைப் போலப் பழகிய ஆண்டி என்கிற மனிதச் சிறுவனை மட்டும் காணோம். கூட இருப்பது பேண்டிட் என்கிற ரோபோ நாய். (சுஜாதா நாவலில் வரும் ரோபோ நாய் ஜீனோவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தத்துவம் பேசாது, குரைக்கும்.) பின்னால் டிரில்லர் என்கிற சுரங்க ரோபோ வந்து சேர்கிறான். எங்கள் கூட்டத்தில் டிரில்லரைப் பிடிக்காதவர் யாரும் இல்லை.

ஆண்டி உயிரோடு இருக்கிறான். வளர்ந்து பெரியவனாகி, ரோபோக்களைப் பிடித்து உடைக்கும் கூலி வேலை பார்க்கிறான். இந்த ஒரு விஷயத்தில் டிசெண்டர் ப்ளூட்டோவைவிட ஒருபடி மேலே நிற்கிறது. வெறுப்புக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. கோடிக்கணக்கில் செத்த ஜனம் இருக்கிறது. ஆண்டி கெட்டவன் இல்லை, அவனை வெறுக்கவும் முடியாது. அம்மாப்பேட்டைக்காரருக்கு மூன்றில் பிடித்தது இதுதான். ‘இவன் கோவம் புரியுது’ என்றார். அவ்வளவுதான் அவர் விமர்சனம்.

ஆனால் எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. நடுப் பாகங்களில் கதாபாத்திரங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிடுகிறார்கள். பிடிபடுவது, தப்பிப்பது, மறுபடி பிடிபடுவது என்று இரண்டு பாகத்துக்கு மேல் ஓடுகிறது. படம் அழகாக இருப்பதால் பக்கம் வேகமாகத் திரும்பும், முடித்துவிட்டு யோசித்தால் கதை அடுத்த ஊருக்குக்கூட நகர்ந்திருக்காது.

முடிவு பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தை முழுதாக எழுதினால் கதையைச் சொன்னதாகிவிடும். ஒரு தரப்பு, இவ்வளவு தூரம் கூட்டி வந்து இப்படிச் செய்துவிட்டாரே என்று கோபப்பட்டது. இன்னொரு தரப்பு, இப்படித்தான் முடிய முடியும் என்றது. உண்மையில் அது முழு முடிவும் இல்லை. அசெண்டர் என்று ஒரு தொடர்ச்சி 2019 முதல் 2021 வரை வந்தது, நான்கு பாகம். அதில் எந்திரங்கள் போய் மந்திரம் வந்துவிடுகிறது. ரோபோவுக்காக வாங்கியவர் மந்திரவாதி கதைக்கும் பணம் கட்ட வேண்டும். ஆறு என்று நினைத்து ஆரம்பித்தால் பத்தில் முடியும்.

இரண்டாவது செலவு, திரை. டிசெண்டரை செல்போனில் படிக்கவே கூடாது. நீர்வண்ணத்தின் மெல்லிய படிவுகள் சின்னத் திரையில் அழுக்குப் பட்டது போலத் தெரியும். பெரிய டேப்லெட் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அச்சுப் புத்தகம்தான். கெட்டி அட்டைத் தொகுப்பாகவும் வந்திருக்கிறது, கையில் பிடித்தால் வைக்க மனம் வராது. விலையைக் கேட்டால் வைத்துவிடத் தோன்றும்.

## விஷன்

மார்வெல் சினிமாவில் 2015இல் வந்த அதே ரோபோ நாயகன் விஷன்தான், ஆனால் அந்தப் படங்களை மறந்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இங்கே விஷன் தனக்கென்று ஒரு குடும்பத்தைச் செய்துகொள்கிறான். மனைவி வர்ஜீனியா, இரட்டைப் பிள்ளைகள் விவ், வின். வாஷிங்டன் பக்கத்தில் ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அப்பா வேலைக்குப் போகிறார். அக்கம்பக்கத்தார் போல இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் இதழில் பக்கத்து வீட்டுத் தம்பதி பிஸ்கட் செய்து எடுத்துக்கொண்டு பார்க்க வருகிறார்கள். மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். அப்போது கதைசொல்லி, ரொம்பச் சாதாரணமான குரலில், இந்தக் கதை முடிவதற்குள் இவர்கள் இரண்டு பேரும் தீயில் செத்துப்போவார்கள், அந்தத் தீயை வைக்கப்போவது இந்தக் குடும்பத்தில் ஒருவர் என்று சொல்லிவிடுகிறான். என்ன நடக்கும் என்ற ஆவலை அங்கேயே பிடுங்கிவிடுகிறார் டாம் கிங். மிச்சம் இருப்பது, எப்படி என்கிற பயம் மட்டும். பன்னிரண்டு இதழும் அந்தப் பயத்திலேயே ஓடுகிறது.

நடப்பது இதுதான்: வீடு புகுந்து தாக்கிய ஒருவனை, பிள்ளைகளைக் காப்பாற்றும் வேகத்தில் வர்ஜீனியா அடித்துக் கொன்றுவிடுகிறாள். புருஷனிடம் சொல்லாமல் புழக்கடையில் புதைக்கிறாள். அதன் பிறகு ஒரு பொய்யை மறைக்க அடுத்த பொய். ஐந்தாவது இதழில், விஷன் இதுவரை உலகத்தைக் காப்பாற்றிய 37 தடவைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது கதை. அதே நேரம், விசாரிக்கிற போலீஸ்காரருக்கு எதிரில் உட்கார்ந்து அவன் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். 37 தடவை காப்பாற்றியவனுக்கு ஒரு பொய் சொல்லச் சலுகை உண்டா? இந்த ஒரு கேள்வியில் எங்கள் கூட்டத்தில் பிள்ளை பெற்றவர்கள் ஒரு பக்கம், கல்யாணம் ஆகாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டோம். பெற்றவர்கள் எல்லோரும் பொய் சொல்வேன் என்றார்கள்.

மனிதர்களின் வெறுப்பு இங்கே ரொம்ப அற்பமானது. போரும் இல்லை, தாக்குதலும் இல்லை. அடுத்த வீட்டில் இருக்கிறார்கள், நம்மைப் போல இல்லை, போதாதா? சுவரில் வசவு எழுதிவிட்டுப் போகிறார்கள். வாடகைக்கு வீடு தேடி, என்ன ஜாதி, என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விகளைத் தாண்டி வந்தவர்களுக்கு இந்தப் பகுதி தனியாகச் சுடும். ஏற்காட்டு நண்பர் இதைத்தான் சொன்னார்: ‘இது ரோபோ கதையே இல்லீங்க, புதுசா குடிவந்தவங்க கதை.’ அப்படிப் பார்த்தால் மூன்றில் எனக்கு மிகவும் நெருங்கியது இதுதான். வெறுக்கிறவனையும் வெறுக்கப்படுகிறவனையும் ஒரே தராசில் வைத்து, இரண்டு பேரையும் தப்பிக்க விடாமல் செய்கிறது. 2017இல் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர் விருது இதற்குக் கிடைத்தது, தகும்.

சங்கடங்களும் இருக்கின்றன. மார்வெல் உலகத்தில் பல வருடம் ஓடிய கதையின் மேல் இது நிற்கிறது. விஷனைச் செய்தது அல்ட்ரான் என்கிற வில்லன் ரோபோ, விஷனின் மூளை அலைகள் வொண்டர் மேன் என்கிற நாயகனுடையவை, தாக்க வருகிற கிரிம் ரீப்பர் அந்த வொண்டர் மேனின் அண்ணன், ஸ்கார்லெட் விட்ச் என்கிற நாயகி விஷனின் முன்னாள் மனைவி. இந்த நான்கு வரி தெரிந்தால் போதும், இப்போது தெரிந்துவிட்டது. ஏழாவது இதழ் முன்னாள் மனைவி கதையைத் தானே சொல்லிவிடும். வசனம் மட்டும் ப்ளூட்டோ அளவுக்கு எளிது இல்லை. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் வேறு நடுநடுவே வரும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

## நெட்ஃபிளிக்ஸில் பார்த்தால் போதாதா?

ப்ளூட்டோ 2023 அக்டோபரில் எட்டு எபிசோடு அனிமேயாக (ஜப்பானிய அனிமேஷன் தொடராக) நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூலத்தை மாற்றாமல் எடுத்திருக்கிறார்கள். சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர் முதல் எபிசோடு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், நார்த் நம்பர் 2 கதை அதிலேயே வந்துவிடும். ஆனால் அந்தத் தகர முகம், திரையில் சில நொடிதான் நிற்கும். புத்தகத்தில் நீங்கள் விடும்வரை நிற்கும். பார்த்தவர்கள் பிறகு புத்தகம் வாங்குவதும் குறைவு, கொலையாளி யார் என்று தெரிந்துவிடுகிறதே.

## சேலத்திலும் மலையிலும் வரும் தொல்லைகள்

கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்குகிற வசதி இந்த மூன்றுக்கும் நம் ஊரில் அநேகமாக இல்லை. ஆன்லைன்தான். பார்சல் வந்ததும் பிரித்து, பக்கங்கள் வரிசையாக இருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு மூன்றாம் பாகத்தில் பதினாறு பக்கம் இல்லை என்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்காட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்குக் காகிதமே ஒரு கேள்வி. டிசெண்டரும் விஷனும் வழுவழுப்பான தாளில் அச்சானவை. மழை மாதங்களில் ஈரம் ஏறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வண்ணம் உரியும். ப்ளூட்டோவின் தாள் சாதாரணமானது, பழுக்கும், ஆனால் ஒட்டாது. ஏற்காட்டு நண்பர் டப்பர்வேர் மாதிரி மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கிறார். அவர் வீட்டில் பருப்பு தகர டப்பாவிலும் காமிக்ஸ் நல்ல டப்பாவிலும் இருப்பதாக அவர் மனைவி சொல்கிறார்.

கைமாற்றிப் படிப்பதாக இருந்தால் ஒன்று: சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எந்தக் காமிக்ஸும் இறங்காது, சாப்பிட்டதுதான் ஏறும்.

## யாருக்கு எது

ஒன்றே ஒன்று என்று கேட்ட கல்லூரித் தம்பிக்கு ப்ளூட்டோ. அதிலும் முதல் பாகம் மட்டும். பிடித்தால் மீதி ஏழையும் ஒரே தடவையில் சேர்த்து வாங்கு, இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டாலும் சரி. ஒவ்வொன்றாக வாங்கினால் எங்காவது ஒரு பாகத்தில் நின்றுவிடுவாய். தொழிற்சாலை, தறி, வேலை போவது என்கிற கோணத்தில் இந்த விஷயம் உன்னை உறுத்துகிறது என்றால் மட்டும் டிசெண்டரிலிருந்து ஆரம்பி.

காசும் நேரமும் குறைவு, பாதியில் நிற்கக் கூடாது என்கிறவர்களுக்கு விஷன். ஏற்காட்டு நண்பர் அதைத்தான் வாங்கினார். சனி ஞாயிறு இரண்டு நாளில் முடியும். முதல் பாகம் படித்துவிட்டு இரண்டாவதை வாங்காமல் இருந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை, அதனால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பதிமூன்று வயதுப் பையனுக்கு விஷன் வேண்டவே வேண்டாம். அடி உதைக்காகச் சொல்லவில்லை, பெற்றவர்கள் பொய்க்கு மேல் பொய்யாக உடைந்துபோவதை அந்த வயதில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். டிசெண்டர் முதல் இரண்டு பாகம் வாங்கிக் கொடுங்கள், நீங்களும் படியுங்கள். அந்த அக்காவுக்கு அப்படித்தான் சொன்னேன். பையனைவிட அவர்தான் மூன்றாம் பாகம் கேட்டு அனுப்பினார். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆர்ச்சியின் பழைய இதழ் ஏதாவது கிடைத்தால் போதும், சிரிக்கட்டும்.

ஆங்கிலம் ஓடாது என்கிறவர்கள் மூன்றையும் விட்டுவிட்டு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுங்கள். அது காமிக்ஸ் இல்லை, ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். பெயருக்குக்கூட இரண்டு எழுத்துக்குமேல் கிடைக்காத ஓர் ஆட்சி, நடுவில் வாயாடி ரோபோ நாய். இந்த மூன்றின் துக்கம் அதில் இல்லை, பயம் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். விஷன் இரண்டு பாகமாகவும் கிடைக்கிறது, ஒரே முழுத் தொகுப்பாகவும் கிடைக்கிறது, அதே பெயரில் மார்வெலின் வேறு பழைய கதைகளும் கிடைக்கின்றன. அட்டையில் டாம் கிங், வால்டா பெயர் இருக்கிறதா, உள்ளே பன்னிரண்டு இதழும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.